கருப்பின வரலாறு படித்த வருடம்

மூன்றாம் ஆண்டின் தொடக்கத்தில் எங்கள் ஆங்கிலத் துறைக்கு வெளியே விருப்பப் பாடங்களின் பட்டியலை ஒட்டினார்கள். இதழியலும் மொழிபெயர்ப்பும் முதல் நாளே நிரம்பிவிட்டன. எனக்கு அன்று காய்ச்சல். மறுநாள் போய்ப் பார்த்தபோது ஒரே ஒரு பாடத்தில்தான் இடம் இருந்தது: அமெரிக்கக் கருப்பின மக்களின் வரலாறும் பண்பாடும். பதினோரு பேர் சேர்ந்தோம். பதினோரு பேருமே வேறு எதிலும் இடம் கிடைக்காமல் வந்தவர்கள்தான். ஏதோ ஒரு வேகத்தில் நானாகத் தேர்ந்தெடுத்த பாடம் என்று பிற்பாடு சிலரிடம் சொல்லியிருக்கிறேன். அது பொய்.

வீட்டில் சொன்னபோது அப்பா சிரித்தார். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னப் பட்டறையில் லேத் ஓட்டுகிறவர் அவர்.

"அமெரிக்காவுல கீற கருப்பனப் பத்திப் படிச்சிக்கினு இன்னாடி பண்ணப்போற?"

"மெள்ளப் பேசு, ஜன்னல் தெறந்து கீது" என்று அம்மா கிசுகிசுத்தாள்.

அம்மா பயந்தது பாடத்துக்காக அல்ல, அப்பா பேசிய பேச்சுக்காக. 'இன்னா', 'கீது', 'ஊடு' எல்லாம் எங்கள் வீட்டில் ஜன்னல் மூடிய பிறகுதான். ஜன்னல் திறந்திருந்தால் 'என்ன', 'இருக்கு', 'வீடு'.

நாங்கள் திருநின்றவூர்க்காரர்கள். அங்கே எங்கள் தெருவின் பெயரைச் சொன்னாலே நாங்கள் யார் என்று கேட்பவருக்குத் தெரிந்துவிடும். நான் பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்த வருடம் அப்பா கோவில்பதாகையில் வீடு தேடினார். நான்கு வீடுகளில் தெருப் பெயரைக் கேட்டதும், 'எங்க சொந்தக்காரங்களே குடி வர்றாங்க' என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஐந்தாவது வீட்டுக்காரர் ஒரு பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சேலம் பக்கத்திலிருந்து வந்து, குவார்ட்டர்ஸில் பல வருடம் இருந்துவிட்டு, கடைசியில் இங்கே மனை வாங்கிக் கட்டியவர். "நீங்க என்ன ஆளுங்க?" என்று அவர் கேட்டபோது, அப்பா தன்னோடு பட்டறையில் வேலை செய்யும் ஒருவருடைய சாதியைச் சொன்னார். தெருவையும் மாற்றிச் சொன்னார். நான் பக்கத்தில் நின்றிருந்தேன். அப்பா பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அவர் குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை.

அந்த வீட்டின் பின்போர்ஷன் எங்களுக்குக் கிடைத்தது. அதோடு சில கட்டுப்பாடுகளும் வந்தன. ஓனர் வைத்தவை அல்ல, நாங்களே வைத்துக்கொண்டவை. கல்வி உதவித்தொகைக் கடிதங்கள் எல்லாம் திருநின்றவூரில் சித்தி வீட்டு முகவரிக்குத்தான் வர வேண்டும். ஊர்க்காரர்கள் யாரையும் வீட்டுக்கு அழைக்கக் கூடாது. மாட்டுக்கறி சமைக்கக் கூடாது. கடைசியாகச் சொன்னது அம்மாவுக்குத்தான் ரொம்பக் கஷ்டம். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயிலேறிச் சித்தி வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு, அங்கேயே புடவை மாற்றிக்கொண்டு வருவாள்.

எங்கள் பாடத்தை எடுத்தவர் ஒரு தற்காலிக விரிவுரையாளர். முப்பது வயதிருக்கும். காலையில் வேறொரு கல்லூரி, மதியம் எங்கள் கல்லூரி. முதுகுப்பையைக் கழற்றாமலே பாதி வகுப்பு எடுத்துவிடுவார். அடிமைக் கப்பல்களில் ஆட்களை எப்படி அடுக்கினார்கள் என்று அவர் படம் வரைந்து காட்டிய அன்று, பின்பெஞ்சில் ஒருத்தன், "சார், நாமளும் கருப்புதானே, நமக்கு எதுக்கு சார் இந்தச் சோகம்?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு மறுபடி வரைந்தார். எனக்கும் ஆரம்பத்தில் அது பரீட்சைக்கான பாடம் மட்டும்தான். வெள்ளையர்களுக்கு ஒரு தண்ணீர்க் குழாய், கருப்பர்களுக்கு ஒரு குழாய். பஸ்ஸில் பின்னால் உட்கார வேண்டும். சில தெருக்களில் கருப்பர்களுக்கு வீடு விற்கமாட்டோம் என்று பத்திரத்திலேயே எழுதிவைத்திருந்தார்கள். இதையெல்லாம் குறிப்பெடுத்துக்கொண்டேன். பத்திரத்தைப் பற்றிப் படித்தபோது மட்டும், நம் ஊரில் எழுதிவைக்காமலே காரியம் நடக்கிறது என்று ஒரு கணம் தோன்றியது. அதை நோட்டில் எழுதவில்லை.

அந்த ஆடி மாதம் ஓனர் வீட்டு மாடியில் இருந்த ஒற்றை அறைக்கு ஒரு பெண் குடிவந்தாள். தான்சானியாவிலிருந்து வந்து, பூந்தமல்லி சாலையில் இருந்த ஒரு கல்லூரியில் பார்மசி படித்துக்கொண்டிருந்தாள். என்னைவிட ஒரு வயது மூத்தவள். கல்லூரி விடுதியில் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று வெளியே வந்தவள். அவளுக்கு வீடு கொடுத்தது பற்றி ஓனர் தெருவில் பெருமையாகச் சொன்னார்: "நமக்கு எந்த வித்தியாசமும் இல்லைங்க. படிக்கிற புள்ள."

வித்தியாசம் மெதுவாக வந்தது. ஓனரம்மாவை நான் ஆண்ட்டி என்றுதான் கூப்பிடுவேன். துணி காயப்போடுகிற கொடியில் அவளுடைய துணிகள் எங்கள் துணிகளோடு காய்வதைப் பார்த்த ஆண்ட்டி, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் அவளுக்கென்று தனிக்கொடி கட்டிக் கொடுத்தார். "அவளுக்கும் வசதியா இருக்கும்ல கண்ணு" என்றார் என்னிடம். முன்வாசல் குழாயில் எல்லோரும் குடிநீர் பிடிப்போம். அவளை மட்டும் மாடிக் குழாயிலேயே பிடித்துக்கொள்ளச் சொன்னார். மாடிக் குழாயில் வந்தது போர்வெல் தண்ணீர். உப்பு. அவள் கேன் வாங்கிக்கொண்டாள்.

அன்று மாலை என் நோட்டில் தனிக் குழாய் பற்றிய பக்கத்தின் ஓரத்தில் 'எங்கள் மாடியிலும்' என்று எழுதி, ஓர் ஆச்சரியக்குறியும் போட்டேன். அதைக் கண்டுபிடித்ததில் எனக்கு ஒரு சந்தோஷம்கூட இருந்தது. எழுதியதோடு சரி. ஒரு குடம் நல்ல தண்ணீர் பிடித்து மாடிக்கு எடுத்துப்போகத் தோன்றவில்லை.

அவளோடு நான் பழகியதே பாடத்துக்காகத்தான். கருப்பினப் பண்பாடு பற்றி யாரையாவது பேட்டி கண்டு எழுதினால் கூடுதல் மதிப்பெண் என்று விரிவுரையாளர் சொல்லியிருந்தார். ஒரு சனிக்கிழமை நோட்டோடு மாடியேறிப் போனேன். ஆங்கிலத்தில்தான் பேசினோம். நான் கேட்ட கேள்விகளைக் கேட்டு அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"நான் அமெரிக்காவே பார்த்ததில்லை. அவங்க பாட்டெல்லாம் நீ எப்படிக் கேட்கிறியோ அப்படித்தான் நானும் போன்ல கேட்கிறேன். என்கிட்ட வந்து அவங்க வரலாறு கேட்கிறியே?"

"உங்க ஊர்லேருந்துதானே அடிமைகளாப் பிடிச்சிட்டுப் போனாங்க?"

"எங்க பக்கத்து ஆளுங்களை அரபு நாடுகளுக்குத்தான் அதிகமாக் கொண்டுபோனாங்க. கடற்கரையில ஒரு பழைய துறைமுகம் இருக்கு. பள்ளிக்கூடத்துல கூட்டிட்டுப் போனாங்க. இங்கதான் கட்டி வெச்சிருந்தாங்கன்னு டீச்சர் காட்டினாங்க. அன்னைக்கு ரொம்ப வெயில். எனக்கு ஞாபகம் இருக்கிறது ஐஸ் வாங்கித் தின்னதுதான்."

அதை நான் எழுதிக்கொள்ளவில்லை. பேட்டிக்கு ஏற்ற பதிலாகத் தெரியவில்லை. பிறகு அவளே கேட்டாள்: "பஸ்ல என் பக்கத்துல யாரும் உட்கார மாட்டேங்கிறாங்களே, அதை எழுது. தெருவுல பசங்க என்னைப் பார்த்து ஏதோ கத்துறாங்களே, அதுக்கு என்ன அர்த்தம்?"

அர்த்தம் எனக்குத் தெரியும். தெரியாது என்றேன்.

அதற்குப் பிறகு அடிக்கடி போனேன். பாடத்துக்காக என்பது மறந்துபோனது. அவள் முடியைப் பின்னிக்கொள்ள நான்கு மணி நேரம் ஆகும். ஒரு பக்கம் நான் பிடித்துக்கொள்வேன். அவளுடைய அம்மா வீடியோ அழைப்பில் வந்தால் எனக்கும் கையசைப்பார். என் அம்மாவைப் பார்த்தால் அவள் 'அம்மா, சாப்டீங்களா' என்று தமிழில் கேட்பாள். அம்மாவுக்கு அவளைப் பிடித்திருந்தது. ஜன்னலை மூடிவிட்டு, "பாவம், எங்கியோ கெடக்குது பெத்தவங்கள உட்டுட்டு" என்பாள். எந்தக் கொடியில் துணி காய்கிறது என்று அம்மாவும் பார்த்திருக்கிறாள். எங்கள் துணி ஓனர் வீட்டுத் துணியோடு காய்ந்தது. அது பற்றி அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

செப்டம்பரில் ஒரு வியாழக்கிழமை, விரிவுரையாளர் பலகையில் 'பாஸிங்' என்று எழுதினார். பின்பெஞ்சு, "எல்லாப் பேப்பர்லயும் அதுதான் சார் கஷ்டம்" என்றது. அவர் விளக்கினார். கருப்பினத்தில் பிறந்து வெளிர் நிறத்தில் இருந்த சிலர், ஊர் மாறிப் போய் வெள்ளையர்களாகவே வாழ்ந்தார்கள். வேலைக்காக, வீட்டுக்காக. அதற்கு அவர்கள் விட்டுவிட வேண்டியவை நிறைய. பெற்ற தாயைத் தெருவில் பார்த்தாலும் தெரியாதவர்போலக் கடந்துபோக வேண்டும். பேச்சை மாற்ற வேண்டும். சாப்பாட்டை மாற்ற வேண்டும். வெள்ளையர்கள் கூடி உட்கார்ந்து கருப்பர்களைக் கேலி செய்யும்போது தானும் சிரிக்க வேண்டும். குழந்தை பிறக்கப்போகிறது என்றால் பத்து மாதமும் அதன் நிறத்தை நினைத்துப் பயந்துகொண்டிருக்க வேண்டும்.

நான் பேனாவை மூடிவிட்டேன். காதெல்லாம் சுட்டது. பக்கத்தில் இருந்தவள், "என்னடி, உடம்பு சரியில்லியா?" என்று கேட்டாள். கல்லூரியிலும் யாருக்கும் தெரியாது. அந்த வகுப்பில் பதினோரு பேரில் இன்னும் எத்தனை பேர் பேனாவை மூடினார்கள் என்றும் எனக்குத் தெரியாது. "ஏதாவது சந்தேகம் இருக்கா?" என்று அவர் கேட்டபோது, கண்டுபிடித்துவிட்டால் என்ன செய்வார்கள் என்று கேட்க வாயெடுத்தேன். மணி அடித்துவிட்டது. அவர் முதுகுப்பையோடு ரயிலுக்கு ஓடினார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அமெரிக்காவிலும் எங்களைப் போல இருந்தார்கள் என்று. அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "அப்பொறம் இன்னா ஆனாங்க?" என்றாள். "சில பேர் சாகுற வரைக்கும் அப்படியே இருந்துட்டாங்க." அம்மா தலையாட்டினாள். "நல்லதாப் போச்சு" என்றாள்.

நடந்தது அதற்கு அடுத்த மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. அம்மாவுக்கு மூட்டுவலி. மூன்று மாதமாகத் திருநின்றவூருக்குப் போகவில்லை. சித்தியே காலையில் வந்தாள். பைக்குள் பைக்குள் பை வைத்து ஒன்றரைக் கிலோ மாட்டுக்கறி கொண்டுவந்திருந்தாள். "ஓனருங்க ஊட்ல இல்ல, கல்யாணத்துக்குப் போயிட்டாங்கன்னு நீதானே சொன்ன? சாயங்காலந்தானே வருவாங்க? அதுக்குள்ள ஆக்கித் தின்னுட்டு ஊதுவத்தி ஏத்திடலாம்" என்றாள். அப்பா வேண்டாம் என்றார். ஆனால் அவர் முகத்திலும் ஆசை இருந்தது. ஐந்து வருடங்களில் முதல் தடவையாக எங்கள் வீட்டில் அந்தக் குழம்பு கொதித்தது. ஜன்னல்களை மூடியிருந்தோம். சித்தியும் அம்மாவும் சின்னப் பிள்ளைகள்போலச் சிரித்துக்கொண்டே வெங்காயம் அரிந்தார்கள். நாங்கள் நான்கு பேரும் தரையில் உட்கார்ந்து, வாய்க்கு வந்தபடி எங்கள் பேச்சிலேயே பேசிக்கொண்டு சாப்பிட்டோம்.

அம்மா ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் கறியைப் போட்டு மூடி, "மேல அந்தப் பொண்ணுக்குக் குடு. அது துன்னும். அவங்க ஊர்ல துன்னுவாங்கன்னு நீதானே சொன்ன" என்றாள். கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் ஒரு வாய் எடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். "இந்த ஊர்ல வந்து நான் சாப்பிட்டதிலேயே இதுதான் சாப்பாடு" என்றாள். அவள் கதவு திறந்தே கிடந்தது.

ஓனர் வீட்டார் சாயங்காலம் வரவில்லை. மதியம் மூன்று மணிக்கே வந்துவிட்டார்கள். ஆண்ட்டி வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மூக்கைப் பொத்திக்கொண்டார். நான் பின்வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். "என்ன நாத்தம் இது? மாட்டுக்கறியா?" என்று அவர் குரல் கேட்டது. பிறகு அவர் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. பட்டுப்புடவையோடு நேராக மாடிப்படி ஏறினார்.

நானும் பின்னால் ஓடினேன். எதற்காக ஓடினேன் என்று இதுவரை யோசிக்கிறேன். சொல்வதற்காகத்தான் என்று நம்ப விரும்புகிறேன். ஆனால் பாதிப் படியில் என் கண்ணில் முதலில் பட்டது எங்கள் கிண்ணம். அதன் பக்கவாட்டில் அம்மாவின் பெயர் வெட்டியிருக்கும். கல்யாணத்துக்குச் சீராக வந்த கிண்ணம். அறை வாசலில் அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பெயர் வெட்டிய பக்கம் உள்ளங்கைக்குள் இருந்தது.

"என்ன இது? மாட்டுக்கறியா? பீஃப்? பீஃப்?" என்று ஆண்ட்டி கத்தினார்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் படியிலேயே நின்றேன். ஒரு வாக்கியம் போதும். எந்த மொழியில் வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம்.

"யெஸ், பீஃப்" என்றாள் அவள்.

கீழே ஓனர் என் அப்பாவை வாசலுக்குக் கூப்பிட்டார். இதற்குள் சித்தி பின்பக்கமாகவே ஸ்டேஷனுக்குப் போய்விட்டிருந்தாள். ஓனர் பேசியது மாடிப்படியில் நின்ற எனக்குக் கேட்டது.

"பாருங்க சார், பாவமேன்னு வீடு குடுத்தா எப்படி அசிங்கம் பண்றாங்கன்னு. நம்மள மாதிரி குடும்பம் இருக்கிற எடத்துல இத எப்படிங்க பொறுத்துக்கறது? நீங்களே சொல்லுங்க. உங்களுக்கும் கஷ்டமாத்தானே இருக்கும்?"

அப்பா வேட்டியைச் சரிசெய்துகொண்டார். "ஆமாங்க" என்றார். பிறகு, கேட்காமலே, "மத்தியானத்துலேருந்தே வாசனை தாங்க முடியலைங்க" என்றார். அப்பாவின் விரல்களில் மஞ்சள் கறை அப்போதும் இருந்தது.

அந்த வாரக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும் என்று அவளிடம் சொல்லிவிட்டார்கள்.

வீட்டுக்குள் நான் அழுதேன், கத்தினேன். "நாமதான்னு சொல்லுங்க. போய்ச் சொல்லுங்கப்பா." அப்பா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அம்மாதான் பேசினாள். "சொல்லிட்டு? நாளைக்கு எங்க போறது? இன்னொரு நாலு ஊடு ஏறி இறங்கணும். நீ படிப்ப முடிக்கணும். அவளுக்கு காலேஜ் கீது, ஆஸ்டல் கீது, அவங்க ஊரு கீது. நமக்கு இன்னாடி கீது?" அவள் சொன்னது முழுக்கப் பொய்யும் இல்லை.

திங்கட்கிழமை அவளிடமாவது போய்ப் பேசிவிடலாம் என்று நினைத்தேன். திங்கட்கிழமை கல்லூரி இருந்தது. செவ்வாய், புதன் இரண்டு நாளும் அவள் வீடு தேடி அலைந்தாள். நான் வரும்போது அறை பூட்டியிருந்தது. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் எப்போது வருவாள் என்று காத்திருந்து பார்த்திருக்கலாம். வெள்ளிக்கிழமைக்குள் அந்தப் பாடத்தின் இறுதிக் கட்டுரையைக் கொடுக்க வேண்டியிருந்தது. தலைப்பை நாமே தேர்ந்துகொள்ளலாம். வாடகை வீடும் நிற வேற்றுமையும் என்று நான் எடுத்தேன். அந்த வாரம் முழுக்க அதை எழுதினேன். மேலே அவள் பெட்டி கட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தபோது, கீழே நான் கருப்பினக் குடும்பங்கள் எப்படி வீதிகளிலிருந்து விரட்டப்பட்டன என்று எழுதினேன். நன்றாகவே எழுதினேன். அதைச் சொல்லக் கூசுகிறது.

சனிக்கிழமை காலை அவள் கிளம்பினாள். ஆட்டோ வந்து நின்றது. நான் போய் ஒரு பெட்டியைத் தூக்கினேன். படியில் இறங்கும்போது, மெதுவாக ஆங்கிலத்தில், "என்னை மன்னிச்சிடு. நீ எங்களைக் காப்பாத்திட்ட" என்றேன்.

அவள் நின்றாள். எனக்குப் பழக்கமான முகம் இல்லை அது.

"உன்னைக் காப்பாத்தினேன்னு நினைச்சுக்காதே. நான் அவ்வளவு நல்லவ இல்லை. கீழ் வீட்டுக்காரங்க கொடுத்ததுன்னு நான் சொல்லியிருந்தா அந்தம்மா நம்பியிருப்பாங்களா? நம்ப மாட்டாங்க. அதுதான் சொல்லலை. நீ சொல்லியிருந்தா நம்பியிருப்பாங்க."

கிண்ணத்தைக் கழுவித் துடைத்து வைத்திருந்தாள். அதை என் கையில் கொடுத்தாள். பெட்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். ஆட்டோவில் ஏறிய பிறகு என் பக்கம் பார்க்கவில்லை. தெருமுனையில் நின்றிருந்த பசங்கள் வழக்கமாகக் கத்துவதைக் கத்தினார்கள்.

இரண்டு வாரம் கழித்து விரிவுரையாளர் என் கட்டுரையை வகுப்பில் வாசித்துக் காட்டினார். எல்லோரையும்விட எனக்குத்தான் மதிப்பெண் அதிகம். "இதில் வெறும் தகவல் மட்டும் இல்லை, உள்ளே இருந்து வந்த கோபம் இருக்கு. எங்கேருந்து வந்தது இந்தக் கோபம்?" என்று கேட்டார். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். உண்மையைச் சொல்ல அது இரண்டாவது சந்தர்ப்பம். அவர் நல்லவர். கேட்டிருப்பார். "லைப்ரரியில படிச்சேன் சார்" என்றேன். பின்பெஞ்சுகூடக் கைதட்டியது. அந்தப் பருவம் முடிந்ததும் அவரை நிறுத்திவிட்டார்கள். அடுத்த வருடம் அந்தப் பாடத்தையும் எடுத்துவிட்டார்கள். அது இருந்ததற்கு என் மதிப்பெண் பட்டியலில் ஒரு வரி மட்டும் இருக்கிறது.

அவளை இன்னொரு தடவை பார்த்தேன். பங்குனி வெயிலில், பூந்தமல்லி பஸ் நிலையத்தில். அவளோடு இன்னும் மூன்று ஆப்பிரிக்கப் பெண்கள் இருந்தார்கள். அதில் ஒருத்தி பின்னாளில் என் கூடப் படித்தவள் ஒருத்திக்குத் தெரிந்தவள் என்று தெரியவந்தது. என் கூடப் படித்தவள் சொல்லித்தான் மற்றது தெரியும். மாடியறையைக் காலி செய்ய வீடு தேடிய அந்த வாரத்தில்தான் அவளுக்குச் செய்முறைத் தேர்வு இருந்திருக்கிறது. போகவில்லை. அந்த வருடம் அரியர் விழுந்தது. பிறகு படிப்பை முடித்தாளா, ஊருக்குத் திரும்பினாளா, யாருக்கும் தெரியவில்லை. அவளுடைய பழைய எண்ணுக்கு இரண்டு தடவை செய்தி அனுப்பினேன். ஒற்றை டிக்கோடு நின்றன. அன்றைக்குப் பஸ் நிலையத்தில் அவள் என்னைப் பார்த்தாளா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. பூக்கடைக்குப் பின்னால் நான் நகர்ந்து நின்றுகொண்டேன். அவர்கள் பஸ் போன பிறகுதான் வெளியே வந்தேன்.

மேலே படிக்கலாம் என்ற எண்ணம் அந்தக் கோடையிலேயே போய்விட்டது. புத்தகத்தைத் திறந்தால் நான் எழுதிய கட்டுரைதான் கண்முன் வந்தது. அம்பத்தூரில் ஓர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். வெளிநாட்டு மருத்துவமனைகளின் பில் விவரங்களைக் கணினியில் ஏற்றும் வேலை. இன்றும் அங்கேதான் இருக்கிறேன். என் மேஜைக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கும் நான் யார் என்று தெரியாது. சொல்லிவிட வேண்டும் என்று சில நாட்கள் தோன்றும். மதிய உணவு நேரத்தில் யாராவது யாரையாவது பற்றி ஏதாவது சொல்லிச் சிரிப்பார்கள். அந்த எண்ணம் அடங்கிவிடும். அவர்கள் சிரிப்பதற்கு நானும் சிரித்திருக்கிறேன்.

இரண்டு வருடம் கழித்து ஓனரின் மகன் வெளிநாட்டிலிருந்து குடும்பத்தோடு திரும்பி வந்தான். பின்போர்ஷன் அவர்களுக்குத் தேவைப்பட்டது. நாங்கள் சேக்காட்டில் வேறு வீடு பார்த்துக்கொண்டோம். கடைசி வரை யாருக்கும் எதுவும் தெரியவில்லை. நாங்கள் சாமான் ஏற்றிய அன்று ஆண்ட்டி ஒரு தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கும் ரவிக்கைத் துணியும் வைத்து அம்மாவுக்குக் கொடுத்தார். பிறகு அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். "உங்கள மாதிரி மனுசங்க இனிமே எனக்கு எங்க கெடைப்பாங்க? எம் பொறந்தவளாட்டம் இருந்தீங்களே" என்று தேம்பினார். என்னால் அந்த இடத்தில் நிற்க முடியவில்லை. அம்மா ஒப்புக்கு இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு வந்துவிடுவாள் என்று வேனின் அருகில் காத்திருந்தேன்.

அம்மாவும் அழுதாள். ஆண்ட்டியின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, உடம்பு குலுங்க அழுதாள். சேக்காடு போகிற வரை வேனில் மூக்கைச் சிந்திக்கொண்டே வந்தாள். அது நடிப்பில்லை. அந்த அம்மாளை அவளுக்கு நிஜமாகவே பிடித்திருந்தது.